மெம்பருக்காகப் பிரித்த வீடுகள்

போன செவ்வாய்க்கிழமை காலை ஆற்றங்கரை மேட்டில் நின்றவர்களை முதலில் சொல்லிவிடுகிறேன்.

ரெவின்யூ இன்ஸ்பெக்டர். தாசில்தார் அனுப்பி வந்தவர். இளவயது. தஞ்சாவூர்ப் பக்கம். கையில் குடை, கக்கத்தில் நோட்டு.

எங்கள் ஊர்க் கணக்குப்பிள்ளை. ஊர் நிலம் முழுவதும் அவர் பதிவேட்டில் இருக்கிறது.

மிஷன் பள்ளிக்கூடத்து வாத்தியார் ஞானமுத்து. பாளையங்கோட்டையில் படித்தவர். மனு எழுதியவர் அவர்தான்.

பிச்சம்மாள். வயல் கூலி. புருஷன் இல்லை. வாய் உண்டு.

அவளுக்குப் பின்னால் இன்னும் ஆறு குடும்பத்து ஆட்கள்.

கடைசியாக நான்.

எல்லோரும் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றோம். தரையில் ஒன்றும் இல்லை. அதுதான் வழக்கு.

இந்தப் பத்தியை வாராவாரம் படிக்கிறவர்களுக்கு என் தொழில் தெரியும். பந்தல். கல்யாணம், காதுகுத்து, கோயில் கொடை, கன்வென்ஷன் கூட்டம், சாவு — எதுவானாலும் முதலில் வருகிறவன் நான். கடைசியில் போகிறவனும் நான். நடுவில் பேசுகிற வேலை எனக்கு இல்லை. யாரும் கேட்டதும் இல்லை.

செவ்வாய்க்கிழமை கேட்டார்கள்.

அதற்கு முன்னால் நடந்ததைச் சொன்னால்தான் விளங்கும். எனக்கே இன்னும் முழுசாக விளங்கவில்லை. சொல்லிப் பார்க்கிறேன்.

ஒரு மாதம் முன்பு சட்டசபை மெம்பர் எங்கள் ஊருக்கு வருகிறார் என்று சேதி வந்தது. திருநெல்வேலியில் பெரிய வக்கீல். இப்போது மெட்ராஸில் கவர்னர் துரை இருக்கிற சபையில் இவரும் உட்காருகிறார். ஆற்றோரத்து ஊர்களுக்கெல்லாம் போய், ஜனங்களுக்கு என்ன வேண்டும் என்று கேட்கிறாராம். கேட்டு அங்கே பேசுவாராம்.

இப்படி ஒருவர் வந்து கேட்டது எங்களுக்குப் புதுசு. என்ன சொல்வது என்று தெரியவில்லை. எங்கே உட்கார வைப்பது என்றும் தெரியவில்லை.

வயல் எல்லாம் பிசானப் பயிர் நிற்கிறது. கோயில் வாசலில் வைத்தால் பாதிப் பேர் வர முடியாது. மிஷன் பள்ளிக்கூடத்தில் வைத்தால் மற்றப் பாதி வரமாட்டார்கள். எல்லோரும் கால் வைக்கிற இடம் ஊரில் ஒன்றே ஒன்றுதான். ஆற்றங்கரை மேடு. சர்க்கார் புறம்போக்கு.

அதில் ஏழு வீடு இருந்தது.

ஒரு வெள்ளத்தில் கீழ்க்கரை வீடுகள் போய்விட்டன. அந்த ஏழு குடும்பமும் மேட்டுக்கு ஏறி ஓலைக் குடிசை போட்டார்கள். தண்ணீர் வடிந்ததும் இறங்குவதாக இருந்தது. தண்ணீர் வடிந்தது. கீழே நிலம் இல்லை. பன்னிரண்டு வருஷம் ஆகிவிட்டது. பட்டா கிடையாது. பட்டா கேட்டுத்தான் வாத்தியார் மனு எழுதி வைத்திருந்தார்.

கணக்குப்பிள்ளை பிச்சம்மாளிடம் வந்து பேசியபோது நான் பக்கத்தில் மூங்கில் இறக்கிக்கொண்டிருந்தேன்.

"பிச்சம்மா, ஒங்க மேட்டுலதான் கூட்டம். ரெண்டு நாளைக்கி வீட்டப் பிரிச்சு ஓரமா வையுங்க."

"வீட்டப் பிரிக்கவா?"

"ஓலைதானட்டி. திரும்பக் கெட்ட எம்புட்டு நேரம் ஆவும்? ஒங்க மனுவ வாங்கத்தான் அவுகளே வாறாவ. வாறவுகளுக்கு நிக்க எடம் வேண்டாமா?"

அவள் கொஞ்சம் யோசித்தாள்.

"அதுவும் சரிதான். நம்ம வாசலுக்கு வாற மனுசனுக்கு எடம் இல்லன்னா கேவலம்லா."

கணக்குப்பிள்ளை நல்ல எண்ணத்தில் சொன்னாரா, வேறு எண்ணத்தில் சொன்னாரா? அன்றைக்கு நல்ல எண்ணம் என்று நினைத்தேன். நடுவில் வேறு மாதிரி நினைத்தேன். இப்போது மறுபடியும் நல்ல எண்ணம் என்றே நினைக்கிறேன். நாளைக்குத் தெரியாது.

அரை நாளில் ஏழு வீடும் இறங்கிவிட்டது. கூரையும் ஓலை, மறைப்பும் ஓலை. மடித்து ஆலமரத்தடியில் அடுக்கினார்கள். கால்களைப் பிடுங்கிக் கட்டினார்கள்.

அதோடு விட்டிருக்கலாம். பிச்சம்மாள் விடவில்லை. அடுப்புக் கல்லைத் தூக்கினாள். சாம்பலை அள்ளி ஆற்றில் போட்டாள். ஏழு வீட்டுத் தரையையும் சேர்த்து, மேடு முழுவதும் சாணி தெளித்து மெழுகினாள். மற்றப் பெண்களையும் விரட்டி வேலை வாங்கினாள். நெல் அடிக்கிற களம் மாதிரி ஆகிவிட்டது. நடுவில் ஒரு கோலம். வண்டிச் சக்கரம் அளவு.

"இம்புட்டு எதுக்கும்மா?" என்று கேட்டேன்.

"மெட்ராஸ் வரைக்கும் போயிட்டு வாற மனுசன். எங்க அடுப்புக் கரியையா பாக்கணும்? சோலியப் பாரும் அண்ணாச்சி."

சோலியைப் பார்த்தேன். பந்தல் தொழிலில் ஒரு வழக்கம் உண்டு. குழி இருக்கிற இடத்தில் குழி தோண்டமாட்டோம். அந்த மேடு சரள் மண். கடப்பாரை போட்டால் கை அதிரும். வீட்டுக் கால் பிடுங்கிய குழிகள் மெழுகின தரைக்குள் மெத்தென்று கிடந்தன. குதிகாலால் மிதித்தாலே தெரியும். ஆகவே தோதான குழிகளில் என் மூங்கிலை நட்டேன். தோது இல்லாத இடத்தில் மட்டும் தோண்டினேன்.

வீடுகள் வரிசையாக இருந்தவை இல்லை. பந்தலும் கோணலாகத்தான் நின்றது.

கணக்குப்பிள்ளை பார்த்துவிட்டு, "என்னவே, பந்தல் நண்டு மாதிரி ஒருக்களிச்சுப் போவுது?" என்றார்.

"தர அப்படி" என்றேன்.

கூட்டத்துக்குச் சோறு ஆக்க வந்த சமையல்காரரும் என்னை மாதிரிதான். அடுப்பு எரிந்து இறுகின தரை என்று பார்த்து அங்கேயே அண்டாவை ஏற்றிவிட்டார். தொழில் தெரிந்தவர்கள் வீண் வேலை செய்யமாட்டோம்.

மெம்பர் கோச்சு வண்டியில் வந்தார். மேளம். மாலை. நல்ல மனிதர். இதை அழுத்திச் சொல்கிறேன். நாற்காலியை விட்டு எழுந்து, கோலத்தை மிதிக்காமல் சுற்றி மேடைக்குப் போனார். அப்படிப்பட்ட பெரிய மனிதரை நான் அதிகம் பார்த்ததில்லை. எத்தனை பந்தல் போட்டிருக்கிறேன்...

மூன்று காரியத்துக்காகச் சபையில் பேசப்போகிறேன் என்றார். மூன்று விரலைக் காட்டினார்.

முதல் காரியம் — சர்க்கார் புறம்போக்கு ஊருக்குப் பொது. அதை ஒருவர் வளைத்துக்கொள்ள விடக்கூடாது. கை தட்டினார்கள். ஏழு குடும்பமும்தான் பலமாகத் தட்டியது. மேலக்கரை மிராசு ஒருவர் மாடு மேய்கிற புறம்போக்கில் முள்வேலி போட்டிருக்கிறார். அவரைச் சொல்கிறார் என்று அவர்களுக்குச் சந்தோஷம்.

இரண்டாவது — ஆற்றங்கரையில் மரம் வெட்டக்கூடாது. மருதம் நட வேண்டும். ஆற்றில் குப்பை, சாம்பல் கொட்டக்கூடாது. அதற்கும் தட்டினார்கள். பிச்சம்மாள் மட்டும் தலையைக் குனிந்துகொண்டாள்.

மூன்றாவது — ஏழைக் குடும்பம் ஒவ்வொன்றுக்கும் சொந்தமாக ஒரு வீட்டு மனை. இதற்கு எழுந்து நின்று தட்டினார்கள்.

மூன்றும் நல்ல காரியம்தானே? யார் குறை சொல்ல முடியும்? ஆனால் மூன்றையும் எங்கள் மேட்டில் கொண்டுவந்து வைத்தால் என்ன ஆகும் என்று அவருக்கும் தெரியவில்லை, எங்களுக்கும் தெரியவில்லை.

பேச்சு முடிகிற சமயம். அவர் சுற்றிலும் பார்த்தார். முகம் மலர்ந்துவிட்டது.

"இந்த மேட்டைப் பாருங்கள். ஊர் நடுவில், ஆற்றின் கரையில் — ஒரு குடிசை இல்லை, ஒரு வேலி இல்லை. எவ்வளவு சுத்தமாக வைத்திருக்கிறீர்கள்? நான் போன ஊர்களில் இப்படி ஒன்று பார்க்கவில்லை. இதை என்றைக்கும் இப்படியே காலியாக வைத்துத் தோப்பாக்க வேண்டும் என்று கலெக்டர் துரைக்கு நானே எழுதுகிறேன்."

தட்டினார்கள். ஏழு குடும்பமும் தட்டியது. மெழுகின கைகள்தானே? மெழுகினதைப் புகழ்ந்தால் தட்டாமல் என்ன செய்யும்?

நானும் தட்டினேன்.

வாத்தியார் மட்டும் தட்டவில்லை. மனுவை எடுத்துக்கொண்டு போனார். மெம்பர் வாங்கி நின்றபடியே படித்தார். மனசு இளகினது தெரிந்தது.

"ஏழு குடும்பமா? கட்டாயம் செய்ய வேண்டும். எங்கே குடியிருக்கிறார்கள்?"

"இங்கனதான் ஐயா."

"இங்கே என்றால்?"

வாத்தியார் மேடையைக் காட்டினார். "ஐயா நிக்கிற எடந்தான் பிச்சம்மா வீடு."

மெம்பர் சிரித்தார். கேலிச் சிரிப்பு இல்லை. மரியாதைக்குச் சொல்கிறார் என்று நினைத்துவிட்டார். விருந்தாளியிடம், இது உங்கள் வீடு மாதிரி என்று சொல்வோம் இல்லையா? அப்படி. பிச்சம்மாளைப் பார்த்துக் கும்பிட்டு, "ரொம்ப சந்தோஷம் அம்மா" என்றார்.

அவள் என்ன செய்வாள்? திரும்பக் கும்பிட்டாள்.

வாத்தியார் கணக்குப்பிள்ளையைப் பார்த்தார். கணக்குப்பிள்ளை கோச்சு வண்டிக் குதிரையைப் பார்த்தார். நான் பந்தலைப் பார்த்தேன். வண்டி போய்விட்டது.

நாலாம் நாள் தாசில்தாரிடமிருந்து தாக்கீது. கலெக்டர் உத்தரவு வரும் வரை மேட்டில் யாரும் ஒரு குச்சிகூட நடக்கூடாது.

மெம்பர் சொன்னபடி செய்துவிட்டார். சொன்னதைச் செய்கிற மனிதர் என்று முதலிலேயே சொன்னார்கள்.

ஏழு குடும்பமும் இப்போது ஆற்றுப் படித்துறையில் இருக்கிற கல்மண்டபத்தில் கிடக்கிறது. கூரை உண்டு. சுவர் இல்லை. குளிக்க வருகிறவர்கள் முணுமுணுக்கிறார்கள். வாடைக்காற்று மழையைக் கொண்டுவந்து உள்ளே போடுகிறது. பிச்சம்மாள் மகள் தலைப்பிரசவத்துக்குத் தாய்வீடு வந்திருக்கிறாள். இது ஒன்பதாம் மாதம். தாய்வீடு ஆலமரத்தடியில் மடித்து வைத்து நனைகிறது.

பிச்சம்மாள் இரண்டு புடவையைக் கட்டி மறைத்திருக்கிறாள். காற்றுக்குப் புடவை நிற்குமா?

வாத்தியார் இரண்டாவது மனு எழுதினார். முதல் மனு மனை கேட்டது. இரண்டாவது மனு, நாங்கள் இங்கே இருந்தோம் என்று சொன்னது. இருந்ததற்கு மனு எழுதுகிற நிலைமையை நான் அதுவரை கேள்விப்பட்டதில்லை.

அதை விசாரிக்கத்தான் இன்ஸ்பெக்டர் வந்தார்.

முதலில் பதிவேட்டைக் கேட்டார். கணக்குப்பிள்ளை பிரித்து வாசித்தார். "புறம்போக்கு. காலி."

வாத்தியாருக்குக் கோபம் வந்துவிட்டது. "பன்னெண்டு வருசமா கண்ண மூடிக்கிட்டா இந்த வழியாப் போனீரு?"

"கண்ணு தெரிஞ்சுதான்வே எழுதல" என்றார் கணக்குப்பிள்ளை. "எழுதுனா ஆக்கிரமிப்புன்னு வருசா வருசம் தண்டத் தீர்வ விழும். கூலிக்காரங்க எங்கன போயிக் கெட்டுவாவ? நீரு கெட்டுவீரா?"

அது உண்மை. பன்னிரண்டு வருஷமும் அந்த மனிதர் வீடுகளைப் பார்க்காத மாதிரி நடந்து உபகாரம் செய்திருக்கிறார். அந்த உபகாரம்தான் இப்போது கழுத்தைப் பிடிக்கிறது. இதில் யாரைத் திட்டுவது?

இன்ஸ்பெக்டர் பேனாவை மூடவில்லை. "கணக்கில் இல்லை. சரி. தரையில் ஏதாவது இருக்கா? அடுப்பு, சுவர், ஏதாவது?"

பிச்சம்மாள் ஓடிப்போய் ஓர் இடத்தில் நின்றாள். "எங்க அடுப்பு வீட்டுக்குப் பின்னால, இங்கன இருந்துச்சு சாமி."

தோண்டினோம். கரி மண் வந்தது. அவள் முகம் தெளிந்தது.

"கூட்டத்தன்னிக்குச் சமையல் எங்கே நடந்தது?" என்று கேட்டார் இன்ஸ்பெக்டர்.

பிச்சம்மாள் கரி மண்ணைப் பார்த்தாள். பிறகு அவளே சொன்னாள். "இங்கனதான்."

அவர் எழுதவில்லை.

"கால் குழி இருக்கும்லா?" என்றாள் பிச்சம்மாள். குரல் ஏறிவிட்டது. "வீட்டுக்கு ஆறு கால். நாலு மூலைக்கி நாலு, நடுவுல ரெண்டு. வீடு இல்லாம குழி எப்படி வரும்? இந்தா நிக்காவளே அண்ணாச்சி, அவுகளுக்குத் தெரியும். கேளுங்க."

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள்.

ஒரு குடம் தண்ணீர் கேட்டேன். பழைய குழியைக் கண்டுபிடிக்க அதுதான் வழி. தரையில் பைய ஊற்றிக்கொண்டே போனால் கெட்டி மண்ணில் ஓடும். குழி மேல் வந்தால் நின்று உள்ளே இறங்கும். இறங்கிய இடத்தில் எல்லாம் ஒரு வேப்பங்குச்சி குத்தினேன். எட்டுக் குடம் ஆனது. மேடு முழுவதும் குச்சி. சின்னப் பிள்ளைகள் விளையாடின மாதிரி இருந்தது.

இன்ஸ்பெக்டர் எண்ணினார். நாற்பத்தேழு.

"பந்தல் போட்டது யார்?"

"நான்தான்."

"எத்தனை கால்?"

"இருவத்து நாலு."

அவர் கழித்தார். இருபத்து மூன்று. அதை ஆறால் வகுத்தார். மூன்று வீடு. ஐந்து கால் மிச்சம்.

"மூணு வீடு இருந்திருக்கலாம்னு எழுதலாம்" என்றார். தயவாகத்தான் சொன்னார். ஒன்றும் இல்லை என்று எழுதிவிட்டுப் போயிருக்கலாம். அப்படி எழுதவில்லை.

"மூணா?" என்றாள் பிச்சம்மாள். "எந்த மூணு?"

அப்போதுதான் அது நடந்தது. பின்னால் நின்ற ஒருவன் மெதுவாகச் சொன்னான். "எங்க வீடு கிழக்கோரம். அங்கன பந்தக்கால் நடல."

இன்னொருத்தி சொன்னாள். "எங்களுதும் ஓரந்தான்."

பன்னிரண்டு வருஷம் ஒரே மேட்டில் இருந்தவர்கள். கல்மண்டபத்தில் ஒரே பானையில் பொங்கித் தின்கிறவர்கள். ஓரம், நடு என்று பிரிய அரை நிமிஷம் ஆனது. அவர்களையும் குறை சொல்ல மாட்டேன். மழை அவர்கள் பிள்ளைகள் மேலும்தான் பெய்கிறது.

பிச்சம்மாள் வீடு நடுவில். மேடை நின்ற இடம். அவள் வீட்டுக் குழி ஆறிலும் என் மூங்கில் நின்றது. அவள் யாரையும் திட்டவில்லை. வாய் உள்ளவள் திட்டாமல் நின்றால் பார்க்க முடியவில்லை.

"ஏலே, வெக்கமா இல்ல?" என்று வாத்தியார் அந்த ஆளைக் கேட்டார்.

"இருக்கு வாத்தியாரே" என்றான். தரையைப் பார்த்தே சொன்னான்.

இன்ஸ்பெக்டருக்கும் இது பிடிக்கவில்லை போல. நோட்டைப் பார்த்தார். குச்சிகளைப் பார்த்தார். என் பந்தல் எப்படி நின்றிருக்கும் என்று யோசித்திருப்பார் என்று நினைக்கிறேன். குச்சிகளை வைத்துப் பார்த்தால் எந்தப் பந்தலும் அப்படி நிற்காது.

என்னிடம் திரும்பினார். "பெரியவரே. கால் இருபத்து நாலு நட்டீர். சரி. இந்தக் குழியில் உம்ம குழி எத்தனை?"

கணக்குப்பிள்ளை என்னைப் பார்த்தார். என்ன சொல்லச் சொல்கிறார் என்று அந்த முகத்தில் படிக்க முடியவில்லை. உள்ளபடி ஐந்து என்று சொன்னால், மற்றதெல்லாம் பன்னிரண்டு வருஷமாக அவர் எழுதாமல் விட்டது என்று ஆகும். அவருக்கு மேலே அதிகாரிகள் இருக்கிறார்கள். எனக்கோ, ஜில்லாவில் சர்க்கார் பந்தல் வருகிறதே அவர் போன்றவர்கள் வாயால்தான். இருபத்து நாலு என்று சொன்னால் யாரும் பொய் என்று சொல்ல முடியாது. இருபத்து நாலு கால் நின்றதை ஊரே பார்த்தது.

குழி யாருடையது? தோண்டினவனுக்கா? கடைசியாகக் கால் நட்டவனுக்கா? இத்தனை வருஷத் தொழிலில் இதை நான் யோசித்ததே இல்லை. நிலம் பொது என்கிறார்கள். பொது என்றால் எல்லோருடையது என்று அர்த்தமா, யாருடையதும் இல்லை என்று அர்த்தமா? மெம்பருக்குத் தெரிந்திருக்கும். கேட்டிருக்கலாம். இப்போதும் தெரியவில்லை. இதை எழுதுகிற வரை கலெக்டர் உத்தரவும் வரவில்லை.

"அஞ்சு" என்றேன்.

கணக்குப்பிள்ளை சொன்னார்: "இப்பந்தான இருவத்து நாலுன்னீரு?"

"கால் இருவத்து நாலு. தோண்டுனது அஞ்சு."

"மற்றக் கால் எல்லாம்?" என்றார் இன்ஸ்பெக்டர்.

"இருந்த குழியில நட்டது."

"இருந்த குழி என்றால்... அதில் முன்னே என்ன நின்றது?"

"வீடு."

கணக்குப்பிள்ளை மேல்துண்டால் முகத்தைத் துடைத்தார். "அவரு சொல்லுதது நெசந்தான், எழுதுங்க" என்று பைய சொன்னார். இது ஏன் என்றும் எனக்கு விளங்கவில்லை.

வாத்தியார் வாய்க்குள் ஆறாம் வாய்ப்பாடு சொல்லிக்கொண்டிருந்தார். ஏழு வரைக்கும் சொல்லி நிறுத்தினார்.

இன்ஸ்பெக்டர் முன்னே எழுதியதை அடித்துவிட்டு, மறுபடி கழித்து எழுதினார். நோட்டை என் பக்கம் திருப்பிக் கையெழுத்துக் கேட்டார். போடும் முன் படித்துப் பார்த்தேன்.

நாற்பத்திரண்டு.